நாயிடம் சொன்னது

எங்கள் முக்கூடலுக்கு யாரும் நல்ல மனதோடு வந்தது கிடையாது. வந்தவர்களை நாங்களும் நல்ல மனதோடு வரவேற்றது கிடையாது. அந்த வகையில் யாழ்ப்பாணத்து ஹெப்சிபாவுக்கும் எங்களுக்கும் முதல் நாளிலேயே கணக்கு சரியாக இருந்தது.

ஏழாம் எட்வர்டு மன்னர் செத்த மறு வருஷம், தை மாதம். மிஷன் பெண் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரம்மா ஒருத்தி வேண்டும் என்று எழுதிப்போட்டார்கள். உள்ளூரில் எவளும் வரச் சம்மதிக்காததால் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இவளை வரவழைத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ரயில், கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்குக் கப்பல், அப்புறம் மறுபடியும் ரயில். சேரன்மாதேவி ஸ்டேஷனில் இறங்கினபோது கையில் ஒரு குடை, காலடியில் தோல்வார் போட்டுக் கட்டிய தகரப் பெட்டி. கூட்டிக்கொண்டு போக வரவேண்டிய ஆள் வரவில்லை. எங்கள் ஊரில் அது வழக்கம்தான்.

வண்டிக்காரன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"தனியா வந்த பொம்பளைய ஏத்திட்டுப் போனா எம் மாடுகூட என்ன மதிக்காதும்மா" என்றான்.

"மாடு மதிக்காட்டிப் பரவாயில்லை. நீர் வண்டியைப் பூட்டும்" என்றாள் ஹெப்சிபா.

முப்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. ஒல்லி உடம்பு, உயர்த்தின மோவாய். பேசுகிற தமிழில் பாதி எங்களுக்குப் புரியாது, புரிகிற பாதியில் மரியாதை இராது. வண்டிக்காரன் வேண்டா வெறுப்பாகப் பூட்டினான். மணலில் சக்கரம் புதையும் இடமெல்லாம் அவளை இறங்கி நடக்க வைத்தான். அவளும் வாயை மூடிக்கொண்டு நடக்கவில்லை.

ஸ்டேஷன் வாசலிலிருந்தே ஒரு நாய் பின்னால் வந்துகொண்டிருந்தது. செவலை நிறம், இடது காது பாதி கிழிந்திருக்கும். அவள் அதற்கு ஒன்றும் போடவில்லை. போட்டதெல்லாம் கல்தான். "போ அங்காலை!" என்று கத்தினாள். நாய் கொஞ்சம் ஒதுங்கி நின்று, கல் விழுந்த இடத்தை மோந்து பார்த்துவிட்டு மறுபடி வந்தது. இந்தத் தேசத்தில் தன்னைப் பார்த்து முகம் சுளிக்காத முதல் ஜீவன் அதுதான் என்பது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. தோணிக்காரன் கழியை நீட்டி மறித்தான்.

"நாய்க்குத் தோணி கெடையாது."

"அது என்ரை நாய் இல்லை."

"பெறகு எதுக்கும்மா ஒங்க பின்னால வருது?"

அவள் தோணியில் ஏறிக்கொண்டாள். தோணி நடு ஆற்றுக்குப் போனபோது திரும்பிப் பார்த்தாள். நாய் நீந்தி வந்துகொண்டிருந்தது. கிழிந்த காது மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. இழுப்பு அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போக, அது விடாமல் காலடித்தது. ஹெப்சிபா தோணியின் விளிம்பைப் பிடித்தபடி எழுந்தே நின்றுவிட்டாள். தோணிக்காரன் உட்காரச் சொல்லி ஏசினான். நாய் கரையேறி உடம்பை உதறினதும்தான் அவள் உட்கார்ந்தாள். அப்போது எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்று அதற்கு ஜிம்மி என்று பேர் வைத்தாள்.

மிஷன் அவளுக்குப் பிடித்துக்கொடுத்திருந்த வீடு சிவசண்முகம் பிள்ளையுடையது. பக்கத்து வீட்டில்தான் பிள்ளையும் அவர் சம்சாரம் பார்வதியம்மாளும் இருந்தார்கள். நல்ல நிலபுலன், பிள்ளை குட்டி கிடையாது, வீட்டில் பேச்சும் கிடையாது. வாடகை ஒழுங்காக வரும் என்று பிள்ளை மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டை விட்டுவிட்டார்.

"வேதக்காரிய என் சொவத்துக்கு அந்தப் பக்கம் கொண்டாந்து வச்சிருக்கியளே, என்னட்டக் கேட்டியளா?" என்று பார்வதியம்மாள் கேட்டாள்.

பிள்ளை வெற்றிலையை மடித்து வாய்க்குள் வைத்துக்கொண்டார். அவருடைய பதில்கள் எல்லாம் அப்படித்தான் இருக்கும்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. கிணற்றுக்கு நடுவில் மார்பு உயரத்துக்கு ஒரு சுவர் ஓடும். அவரவர் பக்கம் அவரவர் உருளை, அவரவர் கயிறு. வந்த மறுநாள் காலை ஹெப்சிபா தன் பக்கத்துக் கயிறு இற்றுப்போயிருப்பதைப் பார்த்தாள். கை நீட்டி அந்தப் பக்கத்துக் கயிற்றைப் பிடித்தாள். அவள் ஊரில் துலா மிதித்துத் தண்ணீர் எடுப்பார்கள். உருளையில் கயிறு ஓடுகிற வேகம் அவளுக்குப் பழக்கமில்லை. கை நழுவியது. பார்வதியம்மாளின் செம்புத் தோண்டி கயிற்றோடு கிணற்றுக்குள் போய் விழுந்தது. தாய்வீட்டுச் சீதனமாக வந்த தோண்டி.

பார்வதியம்மாள் ஓடி வந்து பார்த்தாள். ஹெப்சிபா மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்க நினைத்தாள் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குள் பார்வதியம்மாள், "எந்தச் சாதிக் களுதையோ எங் கயித்தத் தொட்டுட்டாளே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஹெப்சிபாவின் மோவாய் உயர்ந்துவிட்டது.

"நாங்களும் வெள்ளாளர்தான். உங்களைவிடத் திறமான வெள்ளாளர்" என்றாள். வேதம் படித்தவள் சொல்லக்கூடிய வார்த்தையா? ஆனால் சொன்னாள்.

அன்றைக்குப் பார்வதியம்மாள் சபதம் போட்டாள். "இந்த மூஞ்சியப் பாத்து ஒரு சொல்லு சொன்னா எம் பேரு பார்வதி இல்ல." ஆள் இறங்கித் தோண்டியை எடுத்த பிறகும் சபதம் அப்படியே இருந்தது. தண்ணீர் இறைத்து முடித்ததும் கயிற்றைச் சுருட்டி வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். யாழ்ப்பாணத்துக்காரியின் கை எட்டக்கூடாதே!

ஆனால் சொல்ல வேண்டியது வயிறு நிறைய இருந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடாது, அவ்வளவுதானே. சுவரின் கடைசியில், வெயில் படுகிற மூலையில், ஜிம்மி படுத்திருக்கும். பார்வதியம்மாள் அதைப் பார்த்து ஆரம்பிப்பாள்.

"ஏ மூதி, எங்கனயிருந்து வந்த நீ? ஒனக்கு ஒரு நாதி இல்லையா? வந்த எடத்துல வாலச் சுருட்டிக்கிட்டுக் கெடக்கணும்னு ஒன்னப் பெத்தவ சொல்லித் தரலையா?"

எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும், இது நாய்க்குச் சொன்னது இல்லை என்று. ஹெப்சிபாவுக்கும் தெரிந்தது. ஜாடைப் பேச்சு அவள் ஊரிலும் உண்டு. அவள் தன் பக்கத்தில் நின்று அதே நாயிடம் பதில் சொன்னாள்.

"ஜிம்மி, கவனமடா. இஞ்சை சில பேருக்கு விசர். கடிச்சுப் போடுவினம்."

விசர் என்றால் பைத்தியம் என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நாய்க்கு இரண்டு பேரும் ஒன்றுதான். மூதி என்றாலும் வாலை ஆட்டும், ஜிம்மி என்றாலும் வாலை ஆட்டும். காலையில் ஒரு சண்டை, சாயங்காலம் ஒரு சண்டை. ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயில் மணி அடிப்பதற்குள் அவசரமாக ஒன்று. தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஒரு நாள் நாய் ஆற்றுப்பக்கம் போய்விட்டது. அன்று பார்வதியம்மாள் தோண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அங்குமிங்கும் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தண்ணீர் எடுத்துப் போனாள். மறுநாளிலிருந்து ஒரு உருண்டை பழைய சோறு கொண்டுவந்து சுவர்மேல் வைக்கத் தொடங்கினாள். ஏசுவதற்கு நாய் வேண்டுமே. நாய் தின்னும், இவள் ஏசுவாள். ஏச்சு முடிந்த பிறகும் அது தின்று முடிக்கும்வரை நின்றுகொண்டிருப்பாள். அதை ஹெப்சிபா கவனித்தாளா என்று கேட்டால், கவனிக்கிற ஆள் இல்லை அவள்.

கவனிக்க அவளுக்கு வேறு வேலை இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இவள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். கடைக்காரர் இவளுக்குக் கடைசியில்தான் சாமான் கொடுத்தார். கோயிலிலும் பாளையங்கோட்டை வேதக்காரர்கள் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். இராத்திரி வீட்டுக்கு வந்தால் ஜிம்மி கதவோரம் படுத்திருக்கும். அதனிடம் மட்டும் யாழ்ப்பாணத்துக் கதையெல்லாம் கதைப்பாள். இந்த ஊரில் அவளுக்கு என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

பங்குனி வெயிலில் வெறிநாய் ஒன்று வந்து மேலத்தெருவில் இரண்டு கன்றுக்குட்டிகளைக் கடித்தது. கன்றுகள் செத்தன. ஊர்க்கூட்டம் போட்டு, தெருநாயை எல்லாம் அடித்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். வெளியூரிலிருந்து பிச்சைக்கண்ணு என்கிறவனையும் அவன் ஆட்களையும் பேசி வைத்தார்கள். வாலுக்கு இவ்வளவு என்று கூலி. தண்டோரா போட்டவன், "வீட்டு நாய்க்குக் களுத்துப் பட்டை கட்டிருங்கோ! பட்டை இல்லாத நாய் அடிபடும்!" என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனான்.

ஹெப்சிபா நேரே வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். தகரப் பெட்டியைச் சுற்றிக் கட்டி வந்த தோல்வாரை அவிழ்த்தாள். நல்ல சீமைத் தோல், பித்தளை வளையம் போட்டது. திரும்பிப் போகிற நாளில் பெட்டியைக் கட்ட வேண்டியது அது. அதை அறுத்து, ஊசியால் துளை போட்டு, ஜிம்மியின் கழுத்துக்கு அளவாகத் தைத்துக் கட்டினாள். நாய் கழுத்தைச் சொறிந்து சொறிந்து பார்த்துவிட்டுப் பிறகு சம்மதித்துவிட்டது. அதைக் கூட்டிக்கொண்டு தெருவில் ஒரு நடை நடந்தாள். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான்.

பார்வதியம்மாளும் பார்த்தாள். பித்தளை வளையம் வெயிலில் மின்னியதைப் பார்த்தாள். பிச்சைக்கண்ணுவின் ஆட்களைப் பற்றி அவளுக்குத் தெரியும். போன வருஷம் அவள் தம்பி ஊரில் அவர்கள்தான் அடித்தார்கள். பட்டை கட்டின நாய்தான் அங்கே முதலில் செத்தது. வாலுக்குக் கூலி, பட்டைக்குக் கடையில் விலை. சத்தம் போட்டவர்களிடம் "பட்டையை நாங்க பாக்கவே இல்லையே" என்று கையை விரித்துவிட்டார்கள்.

மறுநாள் ஹெப்சிபா பள்ளிக்கூடம் போன நேரத்தில் பார்வதியம்மாள் வைரவர் கோயிலுக்குப் போனாள். நாய் வைரவருக்கு வாகனம். அங்கே பூசாரி மந்திரித்துக் கொடுக்கிற கறுப்புக் கயிறு கழுத்தில் கிடந்தால், அந்த நாயை அடிக்க எங்கள் பக்கத்தில் எவனுக்கும் கை வராது. வாங்கி வந்து, சுவரோரம் சோற்று உருண்டையைக் காட்டி நாயைக் கூப்பிட்டு, தோல் பட்டைக்கு மேலே கட்டிவிட்டாள். அதுவரை அவள் அந்த நாயைத் தொட்டதில்லை. தொட்டதும் தலைக்குக் குளித்தாள்.

சாயங்காலம் ஹெப்சிபா வந்து பார்த்தாள். கறுப்புக் கயிறு. அதில் சின்னச் சின்ன முடிச்சு, ஒரு முடிச்சில் சாம்பல் பொட்டலம். அவளுக்குச் செய்வினை என்றுதான் தோன்றியது. வேறு என்ன தோன்றும்? மூன்று மாதமாக ஒரு நல்ல வார்த்தை சொல்லாத பக்கத்து வீட்டுக்காரி, தன் நாயின் கழுத்தில் முடிச்சுப்போட்ட கயிறு கட்டியிருக்கிறாள். உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

அந்தப் பக்கத்தில் பார்வதியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கத்தரிக்கோலைப் பார்த்ததும் முகம் மாறியது. வாயைத் திறந்தவள் சபதம் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள். நாயைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஏ மூதி! கயித்தப் பறிகுடுத்துராதே! அது போச்சுன்னா நாளைக்கு நீ செத்த. தோல்வாரு ஒன்னக் காப்பாத்திருமாக்கும்? அந்த வாருக்காவத்தான் ஒம் மண்டைய ஒடைப்பானுவ!"

ஹெப்சிபாவுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. அந்த வாயிலிருந்து இதுவரை வந்ததெல்லாம் ஏச்சு. இது சாபம். தன் நாய் சாக வேண்டுமாம். மண்டை உடைய வேண்டுமாம்.

"ஜிம்மி, உந்தக் கூத்தெல்லாம் எங்களிட்டைச் செல்லாது" என்று சொல்லி, பார்வதியம்மாளின் கண்முன்னாலேயே கயிற்றைக் கத்தரித்துச் சாம்பல் குவியலில் எறிந்தாள்.

பார்வதியம்மாள் நேராக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "அடிப்பாவி, அது காவலுக்குக் கட்டினது" என்றிருந்தால் போதும். எங்கள் ஊர்க்காரிக்கு உயிர் போகும், வீம்பு போகாது. "எக்கேடும் கெடு" என்று நாயிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த நாள் பத்து மணிக்கு மேல் பள்ளிக்கூடத்துச் சன்னல் வழியாக நாய்கள் ஊளையிடுகிற சத்தம் வந்தது. ஹெப்சிபா பாடத்தை நிறுத்தவில்லை. ஜிம்மிக்குத்தான் பட்டை இருக்கிறதே. பிறகு ஒரு ஊளை வந்தது. அது யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

ஆற்றுக்குப் போகிற பாதையில் பிச்சைக்கண்ணு நாய்களைக் கயிற்றில் கோத்து இழுத்துக்கொண்டிருந்தான். செவலை கடைசியில் கிடந்தது. வாலை அறுத்தாயிற்று. கழுத்தில் ஒன்றும் இல்லை.

"இது என்ரை நாய்! பட்டை கட்டினனான்! பட்டை எங்கை?"

"பட்டையா? நான் பாக்கலையேம்மா" என்றான் பிச்சைக்கண்ணு. அவன் இடுப்பில் வேட்டிக்கு மேலே அந்தத் தோல்வார் கிடந்தது. பித்தளை வளையத்தைக்கூட மறைக்கவில்லை.

அவள் அதைப் பிடித்து இழுத்தாள். அவன் கையைத் தட்டிவிட்டான். அவன் ஆட்கள் சிரித்தார்கள்.

"எதுக்கு இப்படிக் குதிக்கீய? அம்புட்டு ஆசையா வளத்த நாய்னா ஒரு வைரவன் கயிறு வாங்கிக் கட்டக்கூடாதா? அது கெடந்தா நாங்க தொடுவமா? எங்களுக்கும் பிள்ள குட்டி இருக்குல்லா. இந்த ஊருல ரெண்டு நாய அப்படித்தான் விட்டுட்டு வாரோம்."

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. நேற்று வெட்டினது என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. எதிரில் நின்ற மூஞ்சி, பாதியில் நின்ற வாய், நாயைப் பார்த்துச் சொன்ன ஒவ்வொரு சொல்லும், எல்லாம் திரும்பி வந்தது. குனிந்து கயிற்றிலிருந்து ஜிம்மியை அவிழ்த்தாள். யாரும் தடுக்கவில்லை, வால்தான் அவர்களிடம் இருந்ததே. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு தெரு வழியாக நடந்தாள். வெள்ளைச் சேலை முழுக்க இரத்தம். வாத்தியாரம்மா செத்த நாயைச் சுமந்துகொண்டு போகிறாள் என்று பெண்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள், சிலர் மூக்கைப் பொத்தினார்கள்.

கிணற்றடியில் சுவரோரம், வழக்கமாக அது படுக்கிற மூலையில், அதைப் போட்டாள்.

பார்வதியம்மாள் அந்தப் பக்கம் நின்றிருந்தாள். சுவர்மேல் காலையில் வைத்த சோற்று உருண்டை அப்படியே இருந்தது. எட்டிக் குனிந்து பார்த்தாள்.

"ஏ மூதி..." என்று ஆரம்பித்தாள்.

கிழிந்த காது நிமிரவில்லை. பார்வதியம்மாள் தலையைத் தூக்கி, தை மாதத்திலிருந்து முதல் தடவையாக, ஹெப்சிபாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஏட்டி, படிச்சவளே! நேத்து அத்தன சொன்னேனே. ஒங் காதுல ஏறலையா?"

"நீங்கள் எனக்குச் சொல்லேல்லையே" என்றாள் ஹெப்சிபா. "நாயிட்டைத்தானே சொன்னனியள்."

"நாய்ட்டச் சொன்னா ஒனக்குத்தாம்னு தெரியாதா? இம்புட்டு நாளா ஏசினதெல்லாம் ஒனக்குன்னு தெரிஞ்சுதுல்லா? இது ஒண்ணு மட்டும் நாய்க்குன்னு நெனச்சியோ?"

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற ஹெப்சிபா நிலத்தில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். ஊருக்கு வந்த பிறகு அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. பிறகு எழுந்து சாம்பல் குவியலைக் கையால் கிளறினாள். கறுப்புக் கயிறு கிடைத்தது. வெட்டின இரண்டு முனையையும் சேர்த்து முடிந்து, கொண்டுவந்து நாயருகே உட்கார்ந்து அந்தக் கழுத்தில் வைக்கப் போனாள்.

"இப்ப எதுக்குட்டி அது?" என்று அதட்டினாள் பார்வதியம்மாள். "செத்ததுக்குக் காவல் கெட்டுதாளாம். தூரப் போடு. மொதல்ல ரத்தத்தக் களுவு."

ஹெப்சிபா எழுந்திருக்கவில்லை. பார்வதியம்மாள் தன் தோண்டியை இறக்கித் தண்ணீர் இறைத்தாள். சுவருக்கு மேலாகச் சாய்த்து ஊற்றினாள். தண்ணீர் நாயின் மேலும் ஹெப்சிபாவின் கையின் மேலும் விழுந்தது. இன்னொரு தோண்டி, அப்புறம் இன்னொன்று. ஊற்றும்போது ஏசிக்கொண்டே இருந்தாள். எல்லா ஏச்சும் நேராக இருந்தது.

நாயைச் சுவரோரத்திலேயே புதைத்தார்கள். குழி ஹெப்சிபா தோண்டினாள். மண்வெட்டி பார்வதியம்மாளுடையது. ஹெப்சிபா ஜெபம் பண்ண, நாய்க்கு எதுக்குட்டி ஜெபம் என்று இவள் கேட்க, அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

அவர்கள் சிநேகிதமானார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணத்துக்காரி திரும்பிப் போன நாள்வரை கிணற்றடியில் சண்டைதான். ஆனால் அதன் பிறகு ஜாடை கிடையாது. "ஏட்டி" என்று இவள் கூப்பிடுவாள், "என்ன வேணும் உங்களுக்கு?" என்று அவள் கேட்பாள். போகிற அன்று பெட்டியைக் கட்ட அவளிடம் வார் இல்லை. பார்வதியம்மாள் வீட்டுக்குள் போய்த் தன் கிணற்றுக் கயிற்றை எடுத்து வந்து சுவருக்கு மேலாக வீசினாள்.

"இதத் திருப்பி அனுப்பணும்னு இல்ல" என்றாள், அவள் முகத்தைப் பார்த்து.